மெனுவில் 20 வெள்ளி, பில்லில் 23.98 வெள்ளி

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்தாலும் சரி, வீட்டில் யாருக்காவது பிறந்தநாள் என்றாலும் சரி, சிங்கப்பூரில் எங்களைப் போன்ற குடும்பங்கள் போவது பெரிய ஹோட்டலுக்கு அல்ல, பக்கத்துக் கடைத்தொகுதியில் இருக்கும் சாதாரண ஸ்டேக் உணவகத்துக்குத்தான். அந்தக் கடைகள் மீது எனக்கு உண்மையிலேயே பிரியம் உண்டு, அதனால்தான் இதை எழுதுகிறேன். மெனுவில் போட்டிருக்கும் விலையும் கடைசியில் நாம் கட்டும் பணமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மெனுவில் 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று போட்டுப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகளைச் சின்னதாகப் போட்டிருப்பார்கள். முதல் குறி 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதோடு 22 வெள்ளி ஆகிறது. அடுத்த குறி 9 விழுக்காடு பொருள், சேவை வரி, அதுவும் 20 வெள்ளி மேல் இல்லை, 22 வெள்ளி மேல். ஆக 23.98. நான்கு பேர் போய் ஆளுக்கொரு தட்டு வாங்கினால் 80 வெள்ளி என்று நினைத்து உட்கார்ந்தவர்கள் 95 வெள்ளி 92 காசு கொடுத்துவிட்டு எழுந்திருக்கிறார்கள், மெனு விலைப்படி பார்த்தால் அந்தப் பணத்துக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஐந்தாவது ஆளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

வசதி உள்ளவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் இந்தக் கடைகளுக்கு வருபவர்கள் விலை பார்த்து வருபவர்கள். எங்கள் வீட்டிலேயே பாட்டி மாட்டிறைச்சி தொடமாட்டார், மீனோ சிக்கன் சாப்போ கேட்பார், அதையும் எது விலை குறைவு என்று விரலை வைத்துத் தேடித்தான் சொல்வார். பையன் ரிப்ஐ என்ற விலை கூடிய மாட்டிறைச்சி ஸ்டேக் கேட்கும்போது அப்பா மனத்துக்குள் கூட்டிப் பார்த்து, சரி, குளிர்பானம் வேண்டாம், தண்ணீர் போதும் என்கிறார். அப்புறம் சூடான இரும்புத் தட்டு மரப்பலகையில் வைத்துச் சலசலவென்று வருகிறது, பிளாக் பெப்பர் சாஸ் விளிம்பில் கொதிக்கிறது, எல்லார் முகமும் மலர்கிறது. (பாதி வெந்தது வேண்டும் என்பவர்கள் சாஸைத் தனியாகக் கேட்டு வாங்கி, கறியைச் சீக்கிரம் வெட்டி ஓரமாக நகர்த்திவிடுங்கள், அந்தத் தட்டின் சூட்டிலேயே அது முழுக்க வெந்துவிடும்.) இப்படிச் சந்தோஷமாகச் சாப்பிட்டவர்கள் பில்லைப் பார்த்து முகம் சுருங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

நம் ஊரில் ஸ்டேக் என்பது சாமானியர் சாப்பாடாக வளர்ந்த கதையும் இங்கே முக்கியம். பிரிட்டிஷ்காரர் வீடுகளிலும் ராணுவ முகாம்களிலும் சமைத்த ஹைனானியர்கள்தான் (ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்கள்) இந்தச் சமையலைக் கற்றுவைத்திருந்தார்கள். 1971ல் பிரிட்டிஷ் படைகள் போன பிறகு அந்தக் கைப்பக்குவம் கோப்பிக்கடைகளிலும் சின்ன உணவகங்களிலும் எல்லாருக்கும் கிடைத்தது. ஜேக்ஸ் பிளேஸ் உணவகம் 1960களில் அப்படி ஒரு ஹைனானியச் சமையல்காரர் கையில் வளர்ந்ததுதான். ஆஸ்டன்ஸ் ஸ்டேக் உணவகம் 2005ல் ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் ஒரு கோப்பிக்கடையில் தொடங்கியது. இன்றைக்கும் உணவங்காடியில் மேற்கத்திய உணவுக் கடைக்குப் போனால் பலகையில் எழுதியிருக்கும் விலையைத்தான் கொடுக்கிறோம்.

பொதுமக்களுக்குக் காட்டும் விலையில் பொருள், சேவை வரி சேர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் நம் நாட்டின் பொது விதி. சேவைக் கட்டணம் வாங்கும் ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் மட்டும் விலக்கு, ‘வரியும் கட்டணமும் தனி’ என்று ஓர் அறிவிப்பு வைத்தால் போதும். உட்கார்ந்து சாப்பிட்டால் சேவைக் கட்டணம் உண்டு, கட்டி எடுத்துப் போனால் இல்லை, இரண்டு விலை போடுவது சிரமம் என்பது அதற்குச் சொல்லும் காரணம். அச்சடித்த மெனு மட்டும் இருந்த காலத்தில் அது சரி. 1994ல் வரி வந்தபோது 3 விழுக்காடு, அப்போது இதே 20 வெள்ளித் தட்டு 22.66 வெள்ளியில் முடிந்திருக்கும். இன்றைக்குப் பல கடைகளில் மெனுவே கைப்பேசியில்தான் இருக்கிறது, இங்கே சாப்பிடவா, எடுத்துப் போகவா என்று முதல் கேள்வியே அதுதான். பதிலைத் தட்டியதும் அதற்குரிய முழு விலையைக் காட்டுவதில் என்ன சிரமம்?

சேவைக் கட்டணம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கியூஆர் குறியீட்டை நாமே ஸ்கேன் செய்து, நாமே ஆர்டர் போட்டு, கத்தியும் முள்கரண்டியும் தண்ணீரும் நாமே எடுத்துவந்து சாப்பிட்ட ஒரு கடையில் எங்களிடம் 10 விழுக்காடு வாங்கினார்கள். அந்தப் பணம் தட்டைத் தூக்கிவரும் பிள்ளைகள் கைக்குப் போனால்கூட மனம் ஆறும், அப்படிப் போய்த்தான் ஆக வேண்டும் என்று சட்டக் கட்டாயம் ஒன்றும் இல்லை.

கடைக்காரர்களின் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. வாடகை, இறக்குமதி இறைச்சி, ஆள் சம்பளம் எல்லாம் ஏறித்தான் இருக்கின்றன. 24 வெள்ளி ஆகிறதென்றால் 24 என்றே போடட்டும், பார்த்துவிட்டு நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம். ஆனால் ஒரு கடை மட்டும் 24 போட்டு எதிர்க்கடை 20 என்று போட்டால் நேர்மையாக எழுதியவர் கடையில்தான் கூட்டம் குறையும். அதனால் இதைத் தனித்தனிக் கடைகளின் விருப்பத்துக்கு விட முடியாது. உள்நாட்டு வருவாய் ஆணையம் அந்த விலக்கை எடுத்துவிட்டு, எல்லா உணவகங்களுக்கும் ஒரே நாளில் முழு விலையைக் கட்டாயமாக்க வேண்டும். பயனீட்டாளர் சங்கமும் இதைக் கையில் எடுத்துக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
தெம்பனிஸ் வாசகர்