சார்லட் அமாலி துறைமுகத்திலிருந்து அப்பாவுக்கு

சார்லட் அமாலி, செயின்ட் தாமஸ்
14 மார்ச் 2010

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மா நலமும் அறிய ஆவல். வேலை எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டிருந்தீர்கள். வேலை நன்றாகப் போகிறது. மெயின் ஸ்ட்ரீட் முழுக்க நகைக்கடைகள்தான். நிறைய கடைகள் சிந்திக்காரர்களுடையவை. சுற்றுலாக் கப்பல் வந்து நிற்கிற நாளில் கணக்கு எழுதும் எனக்கே நிமிர நேரம் இருக்காது. அரிசி பருப்புக்குக் குறையில்லை, கறிவேப்பிலைக்குத்தான் திண்டாட்டம். கரீபியன் கடலில் இருக்கும் இந்த வர்ஜின் தீவுகள், 1917-இல் டென்மார்க்கிடமிருந்து அமெரிக்கா இரண்டரைக் கோடி டாலருக்கு வாங்கியவை. அமெரிக்க மண் என்றாலும் வண்டியெல்லாம் நம்மூர் மாதிரி இடது பக்கம்தான் ஓடுகிறது.

சரி, தண்ணீரில் கிளம்பித் தண்ணீரிலேயே இறங்கும் விமானத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்களே, அதற்கு வருகிறேன். கடைக்குப் பின்னால் ஒரு சந்து வழியாக இறங்கினால் துறைமுகம். அதன் மேற்குக் கோடியில் விமானத்துக்கென்றே ஒரு படகுத்துறை. அங்கிருந்து தண்ணீரில் கிளம்பி, 65 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செயின்ட் குரோய் தீவின் கிறிஸ்டியன்ஸ்டெட் ஊர் வாசலிலேயே தண்ணீரில் இறங்குகிறது. இருபது நிமிஷம், அவ்வளவுதான். அங்கே சாதாரண விமான நிலையம் தீவின் தென்மேற்கில், ஊரைவிட்டு ரொம்பத் தள்ளி இருக்கிறது. இந்த விமானத்தில் போனால் இறங்கி நடந்தே ஆபீசுக்குப் போய்விடலாம். அதனால் இங்கே இது வேடிக்கைப் பொருளே இல்லை. கோர்ட்டுக்குப் போகிறவர், டாக்டரைப் பார்க்கப் போகிற பாட்டி, பைலைக் கக்கத்தில் இடுக்கிய அரசாங்க ஊழியர் எல்லாரும் டவுன் பஸ் மாதிரி ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள். நடுவே ஆழ்கடல் கிடக்கிறது. இரண்டு தீவையும் ஒரே ஊராக வைத்திருந்தது இந்த விமானங்கள்தான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

இப்போது ஓடுவது சீபோர்ன் கம்பெனியின் ட்வின் ஆட்டர் என்ற விமானம். சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு நீளமான மிதவைகள். காலையில் சீக்கிரம் போனால் ஒரு பையன் மிதவைமேல் குந்தியிருப்பான். அதிலுள்ள சின்னச் சின்ன ரப்பர் மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கைப்பம்பை நுழைத்து, உள்ளே கசிந்த தண்ணீரை இழுத்து வெளியே விடுவான். மிதவைக்குள் தனித்தனி அறைகள். ஒன்றில் தண்ணீர் ஏறினாலும் மற்றவை தாங்கும். அப்புறம் நல்ல தண்ணீரால் கழுவுகிற வேலை. உப்பு விட்டுவைக்காது அப்பா, அலுமினியத்தை அரித்துவிடும்.

ஆனால் தாத்தா செங்குன்றம் ஏரியில் போர்க்காலத்தில் பார்த்ததாகச் சொல்வாரே, அந்த கேட்டலினா விமானம் வேறு வகை, பறக்கும் படகு என்பார்கள். அதற்கு வயிறே படகு. இந்தத் துறைமுகத்தின் பெரிய காலமும் அந்த வகையோடுதான். 1964-இல் சார்லஸ் பிளேர் என்ற விமானி ஒரே ஒரு கிரம்மன் கூஸ் விமானத்தை வைத்துக்கொண்டு ஆன்டில்லஸ் ஏர் போட்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். சாதாரண ஆள் இல்லை. 1951-இல் மஸ்டாங் போர் விமானத்தில் தன்னந்தனியாக நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 7 மணி 48 நிமிஷத்தில் பறந்தவர். அதே வருஷம் நார்வேயிலிருந்து வட துருவத்தைக் கடந்து அலாஸ்கா போனவர். கூஸ் 1937-இல் வந்த மாடல், 450 குதிரைத்திறனுள்ள இரண்டு இன்ஜின். தண்ணீரில் இறங்கியதும் சக்கரத்தை இறக்கி, சாய்தளத்தில் தானே உருண்டு கரையேறிவிடும். கிளம்பும்போது முதலில் மூக்கு தூக்கி, தெறிக்கிற தண்ணீரில் ஜன்னலே மறைந்துபோகும். வேகம் கூடக் கூட வயிற்றின் அடியில் உள்ள படி போன்ற வெட்டில் எழும்பி, தண்ணீரின் பிடி விட்டதும் மேலேறிவிடும்.

பிளேருக்குப் பெரிய பறக்கும் படகுகள் மேலும் ஆசை. எக்ஸ்காம்பியன் என்ற சிகோர்ஸ்கி விஎஸ்-44 ஒன்றை வாங்கி இங்கே ஓட்டினார். நான்கு இன்ஜின், மொத்தமே மூன்றுதான் செய்தார்கள். போர்க்காலத்தில் அவர் அட்லாண்டிக்கைத் தாண்டி ஓட்டியது இந்த ரகத்தைத்தான். 1969-இல் இதே துறைமுகத்தில் பாறையில் உரசி அடிப்பகுதி ஓட்டையாயிற்று. கரையில் இழுத்துப் போட்டார்கள். கொஞ்ச நாள் அதை வைத்து ஹாட் டாக் கடை நடந்ததாம். அதைக் கேட்டபோது எனக்கு மனசு ஆறவே இல்லை. நல்லவேளை, பின்னால் எடுத்துப்போய்ப் பழுது பார்த்தார்கள். இன்று கனெக்டிகட்டில் ஓர் அருங்காட்சியகத்தில் முழுசாக நிற்கிறது. ஆஸ்திரேலியாவில் லார்ட் ஹவ் தீவுக்குப் போய்வந்த இரண்டு பெரிய பறக்கும் படகுகளும் இங்கே வந்தன. அதில் ஒன்று இப்போது இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனில் இருக்கிறது.

1978 செப்டம்பர் 2. செயின்ட் குரோயிலிருந்து இங்கே வந்துகொண்டிருந்த கூஸை ஓட்டியவர் பிளேரே. ஒரு இன்ஜின் போய்விட்டது; மற்றொன்றால் மட்டும் உயரத்தில் நிற்க முடியவில்லை. கடலில் விழுந்தது. பதினொரு பேரில் நான்கு பேர் இறந்தார்கள், அவரும் ஒருவர். அவர் மனைவி ஹாலிவுட் நடிகை மொரீன் ஓ'ஹாரா. கம்பெனியை அவரே பொறுப்பேற்று நடத்தினார், பிறகுதான் விற்றார். நடிகை என்று எல்லாரும் அழகைப் பற்றியே பேசுகிறார்கள், எனக்கு இந்தத் துணிச்சல்தான் பெரிசாகத் தெரிகிறது.

அடுத்து மல்லார்ட் என்ற, இதே மாதிரி தண்ணீரில் இறங்கும் விமானங்களோடு இன்னொரு கம்பெனி வந்தது. 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் செயின்ட் குரோயைச் சூறையாடியபோது அவையும் நாசமாயின. சில வருஷம் துறைமுகத்தில் விமானமே இல்லை. சீபோர்ன் வந்தது தொண்ணூறுகளில்.

அடுத்த மாதம் கிறிஸ்டியன்ஸ்டெட் கிளைக்கு என்னை ஸ்டாக் பார்க்க அனுப்பப் போகிறார்கள். போய்வந்ததும் அந்த ஊர் மஞ்சள் கோட்டையின் படத்தோடு எழுதுகிறேன். தாத்தா எந்தக் கரையில் நின்று அந்த விமானத்தைப் பார்த்தார் என்று சித்தப்பாவுக்குத் தெரியுமா, கேட்டு எழுதுங்கள். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு இந்த வாரமே பணம் அனுப்புகிறேன், தள்ளிப்போட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்
குமார்