அப்பாவின் மூக்குக் கண்ணாடி

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, இலக்கியத்தில் மெட்டாபிசிக்ஸ் (இருப்பு என்றால் என்ன என்பது போன்ற அடிப்படைக் கேள்விகளைக் கேட்கும் தத்துவம்) பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எழுதியவர் நிறைய வாசித்தவர், சந்தேகமில்லை. ஆனால் கட்டுரை முழுக்க அந்தச் சொல் ஒரு பட்டம் மாதிரியே வந்து போகிறது. கவிதை புரியவில்லையா? மெட்டாபிசிகல். கதையில் சாவும் நிலவும் மௌனமும் ஒரே பக்கத்தில் வந்துவிட்டதா? ஆழ்ந்த மெட்டாபிசிகல். இப்படி எழுதினால் என்னைப் போன்ற சாதாரண வாசகர்கள் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

குழப்பத்தில் பாதி அந்தப் பெயராலேயே வந்தது. கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியதே இல்லை. அவர் இறந்து இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆன பிறகு அவருடைய எழுத்துகளைத் தொகுத்தபோது, இயற்கையைப் பற்றிய நூல்களுக்குப் பின்னால் வைத்த சுவடிகளுக்கு 'இயற்பியலுக்குப் பின் வருபவை' என்று பெயர் வந்தது. ரோட்ஸ் தீவைச் சேர்ந்த ஆண்ட்ரோனிகஸ் செய்த தொகுப்பு அது என்பார்கள். ஆக, நூல்களை அடுக்கிய வரிசையைச் சொன்ன பெயர்தான் அது. நாம் அதை மீவியற்பியல், அப்பாலைத் தத்துவம் என்றெல்லாம் தமிழாக்கினோம். 'பின்' என்பது 'அப்பால்' ஆனது, பிறகு 'மேலே' ஆனது, கடைசியில் மேகத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. உள்ளே இருந்த கேள்விகளோ தரையில் நிற்பவை. ஒன்று 'இருக்கிறது' என்றால் என்ன? மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை 'அதுவேதான்' என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

என் அப்பாவின் மூக்குக் கண்ணாடியைச் சொல்கிறேன். முதலில் லென்ஸ் மாறியது. அப்புறம் ஒரு பக்கக் காம்பு உடைந்து வேறு காம்பு போட்டார். பிறகு ஃப்ரேமே மாறியது. அதற்குள் லென்ஸ் இன்னும் இரண்டு தடவை மாறிவிட்டது. ஆனாலும் யாரிடமும் "இருபது வருஷமா இதே கண்ணாடிதான்" என்பார். ஒருநாள் மேசை இழுப்பறையில் பழைய ஃப்ரேமும் பழைய லென்ஸும் கிடைக்க, இரண்டையும் பொருத்தி அவர் முன்னால் வைத்து, "இப்போ எது உங்க கண்ணாடி?" என்று கேட்டேன். எடுத்து மாட்டிப் பார்த்தார், கழற்றி வைத்தார். "எதைப் போட்டா பேப்பர் படிக்க முடியுதோ அது."

பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொன்ன, தீசியஸ் என்ற வீரனின் கப்பல் இதே கதைதான். பலகை பலகையாக மாற்றிய கப்பல் பழைய கப்பல்தானா என்று ஏதென்ஸ் தத்துவக்காரர்கள் சண்டை போட்டார்களாம். கழற்றிய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்து வைத்து இன்னொரு கப்பல் கட்டினால் எது நிஜம் என்று 1655இல் ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸ் அதில் இன்னொரு முடிச்சையும் போட்டார். நான் இழுப்பறையில் செய்தது அதைத்தான், ஹாப்ஸைப் படிக்காமலே. அப்பாவின் பதிலுக்கும் தத்துவத்தில் பழைய கட்சி ஒன்று உண்டு: ஒரு பொருள் இன்னது என்பதை அது செய்யும் வேலை சொல்லும், அது எதனால் ஆனது என்பது இரண்டாம் பட்சம்.

இலக்கியத்துக்கு வருகிறேன். 1915இல் வெளியான காஃப்காவின் 'உருமாற்றம்' கதையைக் கட்டுரையாளர் ஒரே வரியில் 'இருத்தலின் அவலம்' என்று கடந்து போகிறார். அங்கே நின்றிருக்க வேண்டும். நினைவு தொடரும் வரை ஆள் அவனேதான், உடம்பு எதுவானாலும் சரி என்பது ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கின் வாதம். காஃப்கா அந்த நிபந்தனையை அப்படியே நிறைவேற்றிவிடுகிறார். ஒருநாள் காலையில் பூச்சியாகிக் கிடக்கும் கதைநாயகன் கிரெகோருக்கு வேலைக்குப் போக வேண்டிய ரயிலின் நேரம் நினைவிருக்கிறது, குடும்பத்தின் கடன் நினைவிருக்கிறது. உள்ளே இருப்பது அவன்தான் என்று வாசகனுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அத்தனை நாள் சாப்பாடு வைத்த தங்கையே கடைசியில் சொல்கிறாள், இது கிரெகோர் என்ற எண்ணத்தை நாம் விட்டுவிட வேண்டும் என்று. ஒருவன் அவனேதானா என்பதை அவன் நினைவு முடிவு செய்கிறதா, வீட்டார் முடிவு செய்கிறார்களா? கதையில் தத்துவச் சொல் ஒன்றுகூட வருவதில்லை. நமக்குத்தான் தூக்கம் போகிறது.

எனக்கு உண்மையில் வருத்தம், கட்டுரையில் மணிமேகலைக்கு இடமில்லாமல் போனதுதான். வஞ்சி நகரில் ஆண் துறவியாக வேடமிட்டு, ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் "உன் கொள்கை என்ன?" என்று கேட்கிறாள். அந்தக் காதை வறண்ட பட்டியல் என்று பலர் தள்ளிவிடுவார்கள். பெரும்பகுதி அப்படித்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடைசியில் வரும் பூதவாதியைப் பாருங்கள், நிலம், நீர் போன்ற பூதங்களால் ஆனதுதான் எல்லாம் என்பவன். உயிர் என்று தனியாக ஒன்று கிடையாது என்கிறான். ஆத்திப் பூவையும் வெல்லக்கட்டியையும் போட்டு மற்றதையும் சேர்த்தால் கள்ளின் களிப்பு பிறக்கிற மாதிரி, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது. அவை பிரிந்தால் பறையின் ஓசை போல அடங்கிவிடுகிறது. பூவில் போதை இல்லை, கட்டியிலும் இல்லை, சேர்ந்ததும் எங்கிருந்து வந்தது? மூளையின் செல் எதிலும் 'நான்' இல்லை, சேர்ந்ததும் 'நான்' எப்படி வந்தது என்று இன்றைக்கும் கேட்கிறார்களே, அதே கேள்விதான். எதிர்க்கட்சியின் வாதத்துக்கு இவ்வளவு நல்ல உவமையைக் கொடுத்த பௌத்தக் கவிஞரின் நேர்மையை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

மணிமேகலை அதோடு விடுவதில்லை. கண்ணால் கண்டதைத் தவிர எதையும் ஏற்கமாட்டேன் என்கிற அந்தப் பூதவாதியிடம், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். அவன் வாதம் முழுக்க நிற்கிற இடத்தையே ஒரே கேள்வியில் உருவிவிடுகிறாள். தத்துவ நூலில் இது அளவையியல், அதாவது தர்க்கம். காப்பியத்தில் ஓர் இளம்பெண்ணின் குறும்பு.

இன்னொரு குறை. பாரதியின் 'நிற்பதுவே, நடப்பதுவே, பறப்பதுவே' பாட்டின் முதல் அடிகளை மட்டும் எடுத்துப் போட்டு, அவரை மாயாவாதி, அதாவது உலகம் வெறும் தோற்றம் என்பவர் என்று முடித்துவிட்டார்கள். 'சொற்பனந்தானோ, பல தோற்ற மயக்கங்களோ' என்பது அங்கே கேள்வி. பதில் பாட்டின் முடிவில் இருக்கிறது: 'காண்பது சக்தியாம், இந்தக் காட்சி நித்தியமாம்.' உலகம் பொய் என்பவர்களோடு மல்லுக்கு நிற்கும் பாட்டை அவர்கள் அணியிலேயே சேர்ப்பது என்ன நியாயம்?

தத்துவமும் இலக்கியமும் உறவா பகையா என்று கட்டுரை கேட்கிறது. 1930களில் தத்துவவாதி கார்னாப் சொன்னதை அங்கே எதிர்பார்த்தேன். மெட்டாபிசிக்ஸ்காரர்கள் இசைத் திறமை இல்லாத இசைக்கலைஞர்கள் என்றார் அவர். வாழ்வைப் பற்றிய உணர்வைச் சொல்ல வந்தவர்கள், அதைக் கலையாகச் செய்யாமல் கோட்பாடு என்ற வேடம் போட்டு ஏமாறுகிறார்கள் என்பது அவர் கட்சி. அதே கட்டுரையில், ஜரதுஷ்ட்ரா பற்றிய நூலைக் கவிதை வடிவில் எழுதியதற்காக ஜெர்மன் தத்துவவாதி நீட்சேயைப் பாராட்டவும் செய்தார். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. மணிமேகலையின் அந்தக் கேள்வி வெறும் உணர்ச்சி அல்ல, கச்சிதமான வாதம். ஆனால் கதாபாத்திரங்களை உட்காரவைத்து நாற்பது பக்கம் பிரம்மத்தைப் பற்றிப் பேசவிடும் நம் நாவல்கள் சிலவற்றைப் படிக்கும்போது கார்னாப் பக்கம் போய் நின்றுகொள்ளத் தோன்றுகிறது.

அன்புடன்,
நெடுநாள் வாசகர்

பி.கு.: ஆங்கிலக் கவிஞர் ஜான் டன் தன்னை மெட்டாபிசிகல் கவிஞர் என்று அறிவித்துக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். டன் 1631இல் இறந்துவிட்டார். காதல் கவிதையில் போய்த் தத்துவம் பேசிப் பெண்களைக் குழப்புகிறார் என்று 1693இல் இன்னொரு ஆங்கிலக் கவிஞரான டிரைடன் குறைப்பட்டார். 1779இல் விமர்சகர் சாமுவேல் ஜான்சன் அந்தக் கவிஞர் கூட்டத்துக்கே இந்தப் பெயரை ஒட்டினார், அதுவும் குறை சொல்லித்தான். பிரிகிற காதலர்களை டன் வட்டம் போடும் கவராயத்தின் இரண்டு கால்கள் என்பார்: ஒன்று நடுவில் ஊன்றி நிற்கும், மற்றது தூரமாய்ச் சுற்றும், நிற்பது அதன் பக்கம் சாயும். இரண்டு உயிரா, ஒன்றா? அதைக் கேட்க அவருக்கு ஒரு கணக்குப் பெட்டி போதுமாக இருந்தது.