சேமிப்பகத்தின் பன்னிரண்டு வட்டுகளுக்கும் சுமையைச் சமமாகப் பிரிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தமிழ் ஆவண மின்னாக்கத் தொண்டூழியர்கள்,
சிங்கப்பூர்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
தகவல் தொழில்நுட்பப் பிரிவு,
சிங்கப்பூர்.

பொருள்: புதிய சேமிப்பகம் வாங்குமுன், இருக்கும் வட்டுகளின் சுமையைச் சமன்செய்வது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பழைய நாடக ஒலிப்பதிவுகள், கோயில் விழா மலர்கள், பள்ளி ஆண்டிதழ்கள் ஆகியவற்றை மின்னாக்கம் செய்து உங்கள் பிரிவின் சேமிப்பகத்தில் ஏற்றிவரும் தொண்டூழியர்கள் நாங்கள். எங்களில் சிலருக்குக் கணினிச் சேமிப்பக வேலைதான் பிழைப்பு. வேலை முடிந்து எல்லாரும் உட்காரும் மாலை நேரத்தில் ஒரு பக்கத்தைத் திறப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. வேகம் போதவில்லை என்று புதிய சேமிப்பகத்துக்கு ஏலக்குத்தகை விடப்போவதாகக் கேள்விப்பட்டோம். அதற்கு இப்போது அவசியம் இல்லை என்பது எங்கள் கருத்து.

முதலில் 4 டெராபைட் வட்டுகள் ஆறு இருந்தன. அவை நிரம்பியதும் 16 டெராபைட் வட்டுகள் ஆறு சேர்க்கப்பட்டன. இரண்டு தொகுதியும் ரெய்டு 6, அதாவது தொகுதியில் இரண்டு வட்டு பழுதானாலும் தரவு தப்பும் அமைப்பு. புதிய வட்டைச் செருகினால் பழைய தரவு தானாகப் பரவிவிடும் என்று நினைப்பது இயல்பு. பல சேமிப்பகங்களில் அப்படி நடப்பதில்லை. காலி இடம் எங்கே அதிகமோ அங்கேதான் புதிய கோப்புகள் போய்ச் சேரும். மக்களும் புதிதாக ஏறியதையே அதிகம் தேடுகிறார்கள். ஆக, எழுதுவதும் படிப்பதும் புதிய ஆறின் தலையில் விழுகின்றன, பழைய ஆறும் சும்மா சுற்றுகின்றன. தேக்கா உணவங்காடியில் ஒரு பராட்டாக் கடைமுன் வரிசை நீண்டு கிடக்க, பக்கத்துக் கடைக்காரர் ஈ ஓட்டுவதைப் போல.

16 டெராபைட் வட்டு கொள்ளளவில்தான் நான்கு மடங்கு, வேகத்தில் அல்ல. நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் வட்டு எந்த அளவில் இருந்தாலும், படிக்கும் தலை நகர ஏறத்தாழ 8 மில்லிவிநாடி, வேண்டிய இடம் தலைக்கடியில் வந்து சேரச் சராசரியாக 4 மில்லிவிநாடி பிடிக்கும். சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகள் என்றால் விநாடிக்கு 80 கோரிக்கைதான் தாங்கும். ஆறு வட்டுக்கு 480. பன்னிரண்டும் சேர்ந்து உழைத்தால் 960. எழுதுவது இன்னும் பாரம்: ரெய்டு 6-இல் ஒரு சிறு மாற்றத்துக்குப் பழைய தரவையும், இழந்ததை மீட்க உதவும் இரண்டு பாரிட்டித் துண்டுகளையும் படித்து, மூன்றையும் திரும்ப எழுத வேண்டும். ஒரு வேலை ஆறாகிறது.

முன்பு புகார் செய்தபோது, சராசரிப் பயன்பாடு 50 விழுக்காடுதான், கோளாறு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. ஆறு வட்டு 95-லும் ஆறு வட்டு 5-லும் இருந்தால் சராசரி 50 தானே வரும்! ஒரு பெரிய கோப்பை நகலெடுத்துப் பார்த்ததாகவும் சொன்னார்கள். வரிசையாகப் படிக்கும்போது எந்த வட்டும் நன்றாகவே ஓடும், அது எங்கள் சிக்கலைக் காட்டாது. தயவுசெய்து மாலை நேரத்தில், ஒவ்வொரு வட்டின் தாமதத்தையும் காத்திருப்பு வரிசையையும் தனித்தனியே பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், அதிகம் பார்க்கப்படும் கோப்புகளில் ஒரு பகுதியைப் பழைய தொகுதிக்கு மாற்றி, அங்கே யாரும் தொடாமல் கிடப்பவற்றைப் புதிய தொகுதிக்குக் கொண்டுவர வேண்டுகிறோம். நிரம்பிய அளவை மட்டும் சமன்செய்தால் பயன் இல்லை. கொள்ளளவு விகிதப்படி பிரித்தால் பெரிய வட்டுக்கு நான்கு மடங்கு கோரிக்கையும் சேர்ந்தே போகும். தேடல் அட்டவணையையும் சிறுபடங்களையும் சுற்றும் பாகமே இல்லாத இரண்டு எஸ்எஸ்டி வட்டுகளில் வைத்தால் பாதித் தொல்லை தீரும், அந்தச் செலவு பெரிதல்ல.

இந்த இடமாற்றமே ஒரு சுமைதான். ஆகவே பேக்கப் மீட்டெடுக்க வருகிறதா என்று சோதித்த பிறகு, நள்ளிரவுக்கு மேல், வேகத்துக்கு வரம்பு வைத்துச் செய்வது நல்லது. தமிழ்மொழி விழா நடக்கும் ஏப்ரலில் வேண்டாம், அந்த மாதம் பள்ளிகளும் மன்றங்களும் ஓயாமல் தேடும். தள்ளிப்போடவும் வேண்டாம். இப்போதைய நிலையில் 16 டெராபைட் வட்டு ஒன்று பழுதானால், விநாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் இடையூறின்றி மீளமைத்தாலே 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த நெரிசலில் அது நாள்கணக்கில் இழுக்கும்.

உங்கள் பொறியாளர்களோடு உட்கார்ந்து பேச எங்களில் இருவர் தயாராக இருக்கிறோம். ஏலக்குத்தகை அறிவிப்பு வெளிவருமுன் ஒரு சந்திப்புக்கு நேரம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தமிழ் ஆவண மின்னாக்கத் தொண்டூழியர்கள்