மூன்றாம் மாதப் பரிசோதனை: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

பக்கவாதம் வந்த இரவில் மருந்து ஆய்வில் சேர்த்த சித்தப்பாவை, அந்த ஆய்வின் மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு அழைத்துப் போவதில்லை என்று நீ முடிவெடுத்துவிட்டதாகச் சித்தி சொன்னார். "வலது கை இன்னும் எழவில்லை. போய் எதைக் காட்டுவது?" என்று கேட்டாயாம். இரண்டு நாளாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அன்று இரவு ஒப்புதல் படிவத்தை நிதானமாகப் படிக்கும் நிலையிலா நீ இருந்தாய்? அதனால் இப்போது சொல்கிறேன். மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடியும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அடைப்பு நீங்கிய பிறகும் சேதம் நிற்பதில்லை. மடிந்த அணுக்களைக் கண்டு உடலின் எதிர்ப்பு ஆற்றல் கிளர்ந்தெழுகிறது. அந்த அழற்சி, பிழைக்கக்கூடிய பக்கத்து அணுக்களையும் சிதைத்துவிடுகிறது. அதைத் தூண்டுவதில் இன்டர்லூகின்-1 என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதைத் தடுத்தால் எலிகளின் மூளைச் சேதம் குறைகிறது என்று நான்சி ராத்வெல்லும் சக ஆய்வாளரும் 1992-இல் காட்டினார்கள்.

மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதத்துக்குத் தரும் அனாகின்ரா ஊசி அந்தப் புரதத்தைத்தான் தடுக்கிறது. பக்கவாதம் வந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, மூன்று நாள் அதைச் செலுத்திப் பார்த்த ஆய்வின் முடிவு 2018-இல் வெளியானது. மொத்தம் 80 பேர். ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் தெளிவாகக் குறைந்தன. ஆனால் மூன்றாம் மாதத்தில், மருந்து பெற்றவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருக்கவில்லை. ரத்தத்தில் தெரிவது வேறு, மனிதன் எழுந்து நடப்பது வேறு. அதனால்தான் சித்தப்பா சேர்ந்திருப்பது போன்ற ஆய்வுகள் இன்னும் தேவைப்படுகின்றன.

"நல்ல மருந்தென்றால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டியதுதானே, பாதிப் பேருக்கு ஏன் மருந்தே இல்லாத மருந்துப்போலி?" என்றும் கோபப்பட்டாயாம். என்லிமோமாப் என்றொரு மருந்து இருந்தது. வெள்ளணுக்கள் மூளைக்குள் புகுவதைத் தடுக்கும் என்று பெரிதும் நம்பினார்கள். 625 பேரிடம் சோதித்து 2001-இல் முடிவு வந்தபோது, அதைப் பெற்றவர்களிடையேதான் காய்ச்சலும் மரணமும் அதிகம். மருந்துப்போலி பெற்றவர்கள் இல்லாதிருந்தால், நோயின் கடுமை என்று சொல்லி அதைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருந்திருப்பார்கள். நினைத்தாலே பதறுகிறது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். மூன்றாம் மாதத்தில் அவர்கள் கேட்பது எளிய விஷயங்கள்: தானே நடக்கிறாரா, உடை மாற்ற ஆள் வேண்டுமா, பழைய வேலைகளைச் செய்கிறாரா. அதை வைத்து 0 முதல் 6 வரை ஓர் எண் போடுவார்கள். 0 என்றால் எந்தக் குறையும் இல்லை, 6 என்றால் மரணம். தேறியவர்கள் மட்டும் வந்து, தேறாதவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டால், உதவாத மருந்தும் உதவியதாகத் தோன்றிவிடும். சித்தப்பாவின் எழாத கையை அவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

விலகிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு எப்போதும் உண்டு. சித்தப்பாவே வேண்டாம் என்றால் நான் வாய் திறக்க மாட்டேன். அவரிடம் ஒருமுறை கேட்டுப் பார். பயணம்தான் சிரமம் என்றால், தொலைபேசியில் பேசி மதிப்பிட முடியுமா என்று ஆய்வுச் செவிலியரிடம் கேள். நேரில் போவதானால் தேதியை மட்டும் சொல். சக்கர நாற்காலியை நான் தள்ளிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அக்கா