செவ்வாய்க்கிழமைக் கூட்டம்

டொராண்டோ,
பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது. நலம், உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல்.

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. அரவேணு பேருந்து நிறுத்தத்தில் சின்னவன் குடித்துவிட்டு விழுந்து கிடந்ததையும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னதையும் எழுதிவிட்டு, "நீயாவது அந்தப் பழக்கம் இல்லாமல் இருக்கிறாயே" என்று முடித்திருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தேன்.

இங்கு வந்த இரண்டாவது குளிர்காலத்திலிருந்து நானும் குடித்துக்கொண்டிருந்தேன், அக்கா. குளிருக்கு என்று தொடங்கியது. பிறகு கோடையிலும் நிற்கவில்லை. நம் ஊரில் டாஸ்மாக் போல, இந்த மாகாண அரசும் எல்.சி.பி.ஓ. என்ற பெயரில் மதுக்கடை நடத்துகிறது. கம்பி வலையோ தள்ளுமுள்ளோ கிடையாது. பழக்கடை போல் வெளிச்சமாக இருக்கும். அதனாலேயே தப்பான இடத்துக்குப் போகிறோம் என்ற கூச்சம் வருவதில்லை. பயப்பட வேண்டாம். கடந்த அக்டோபர் 21ஆம் தேதிக்குப் பிறகு நான் தொடவில்லை.

அதற்குக் காரணம் பக்கத்து வீட்டுப் பனிவாரித் தாத்தா. (அவர் பெயரை எழுதக் கூடாது; ஏன் என்று பிறகு புரியும்.) பனி விழும் நாட்களில் விடியற்காலை நான்கரை மணிக்கே எழுந்து ஆறு வீட்டு வாசலையும் வாரித் தள்ளுவார், நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். அன்று விடியும் நேரத்தில் சாவியைத் துவாரத்தில் நுழைக்கத் தெரியாமல் நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்தார். அம்மா பார்த்தால் பாத்திரம் கழுவிய தண்ணீர் என்பார், அப்படியொரு தேநீர். "நான் குடியை விட்டு 26 வருடமாகிறது. செவ்வாய்க்கிழமை என்னோடு வா" என்றார். குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டம் அது. அதற்கு முன்பே அவர்களுடைய தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்து இரண்டு முறை அழைத்திருக்கிறேன். மணி அடித்ததும் வைத்துவிட்டேன்.

கூட்டம் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் நடக்கிறது. பதினொரு படி இறங்க வேண்டும். காபியும் ஈரக் காலணியும் கலந்த வாசனை வரும். வட்டமாக நாற்காலிகள். மதம் மாற்றுகிறார்களோ என்று நீங்கள் நினைப்பீர்கள்; அறைக்கு வாடகை கொடுப்பதோடு சரி. குடியை விட அவர்கள் பின்பற்றும் 12 படிகள் என்ற வழிமுறையில் கடவுள் வருகிறார், ஆனால் அவரவர் புரிந்துகொண்ட கடவுள். நான் நம் மாரியம்மனை நினைத்துக்கொள்கிறேன். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே சேர்வதற்குத் தகுதி, கட்டணம் கிடையாது. கூடை சுற்றி வரும், முடிந்தவர் போடலாம். அது என்னிடம் வரும்போது தாத்தாவே வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார். அங்கே கேட்டதையும் பார்த்த முகத்தையும் வெளியே சொல்லக் கூடாது. 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், குடியால் கெட்ட ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் ஒருவரோடொருவர் பேசப்போய்த் தொடங்கிய வழக்கமாம் இது. இன்றும் அதே வேலைதான்: ஒருவர் தன் கதையைச் சொல்கிறார், மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்கிறார்கள். யாரும் புத்தி சொல்வதில்லை. நம் வீட்டில் இது நடக்குமா என்று நினைத்துப் பார்த்தேன்.

"நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்ல எனக்கு மூன்று வாரமானது. நம் ஊரில் குடிகாரன் என்பது வசைச்சொல். நோய் என்று எண்ணவே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. 90 நாள் குடிக்காமல் இருந்ததற்கான வில்லையைக் கையில் கொடுத்துக் கைதட்டிய வாரத்தில்தான் உங்கள் கடிதமும் வந்தது. அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது, நம் ஊர்த் தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலை வாட்டும் வாசனை வருவதுபோல் இருந்தது. வெறும் பனியும் லாரிப் புகையும்தான். இதை யாரிடமாவது நம் பேச்சில் சொன்னால் போதும் என்றிருந்தது. இந்த இடத்தை அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம்.

போக வர நாற்பது நாற்பது நிமிடம் நடப்பதால் உடம்பு தேறியிருக்கிறது. வேலை நேரம் மாறியிருப்பதால் மார்ச்சில் இரண்டு மாதப் பணத்தையும் சேர்த்து அனுப்புகிறேன், வேறொன்றுமில்லை.

சின்னவனை அறையில் பூட்டிவைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். செய்யவே செய்யாதீர்கள். வருடக்கணக்கில் தினமும் குடித்தவன் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். 14446 என்ற அரசின் போதை மீட்பு உதவி எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள். கூட்டம் அதற்குப் பிறகுதான். கோயம்புத்தூரில் தமிழிலேயே நடக்கிறது. அவன் மனைவியைப் போன்றவர்களுக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. அவன் வராவிட்டாலும் அவள் போகலாம்.

கீழ்த் தோட்டத்தை விற்க அவன் கொண்டுவரும் தாளில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். பட்டாவை உங்கள் பெட்டியிலேயே வையுங்கள். இலைப் பணத்தை அவன் கையில் கொடுக்காமல் அவன் மனைவியிடம் கொடுக்கும்படி கணக்குப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். கவாத்துக்கு ஆள் பிடிப்பதை மாமா பார்த்துக்கொள்ளட்டும்.

சின்னவன் மருத்துவரிடம் வரச் சம்மதித்தால் எந்நேரமானாலும் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். உங்களுக்குப் புதன்கிழமை காலை ஆறு முதல் ஏழு மணி வரை மட்டும் நான் எடுக்க மாட்டேன்; இங்கே அது செவ்வாய் இரவு.

அன்புடன்,
தம்பி