கஜனுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள மகன் கஜனுக்கு,

இங்கே அம்மா, தங்கச்சி, நான் எல்லோரும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டுமென்று நல்லூர்க் கந்தனை வேண்டிக்கொண்டு இதை எழுதத் தொடங்குகிறேன். நீ தொலைபேசியை எடுப்பதில்லை என்பதற்காக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. ஒத்திகையும் மேடையுமாக அலையும் பிள்ளைக்கு நேரங்கெட்ட நேரத்தில் அழைப்பெடுத்துக்கொண்டிருப்பது சரியில்லை என்று அம்மாவுக்கும் சொல்லியிருக்கிறேன். கடிதமென்றால் வேண்டியபோது எடுத்து ஆறுதலாக வாசிக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை கைசர்ஸ்லவுட்டர்ன் மாமி எங்களைக் குசல் என்ற ஊருக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனார். முதற் சம்பளம் எடுத்ததும் எங்களைக் கூட்டிக்கொண்டு போவதாக நீ சொன்ன ஊர் என்பதால் அம்மாவுக்கு அரைமனதுதான். ஆனாலும், உன் அறைச் சுவரில் இன்றைக்கும் மாட்டியிருக்கும் மனிதர் பிறந்த ஊரை அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டுப் பார்க்காமல் திரும்ப எனக்கு மனம் வரவில்லை. அங்குள்ள அருங்காட்சியகத்தில், ஓபரா என்ற இசைநாடகங்களில் பாடிய ஃபிரிட்ஸ் வுண்டர்லிஹுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஊர் மண்டபத்துக்கும் அவர் பெயர். பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கி அதற்கும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். தங்கள் ஊர்ப் பாடகனை இப்படிக் கொண்டாடும் மக்களைப் பார்த்தபோது, உன் பெயர் அச்சான முதல் நிகழ்ச்சித்தாளை அம்மா சாமியறையில் வைத்திருப்பது எனக்கு நினைவு வந்தது. அதை இன்னும் எடுக்கவில்லை, எடுக்கவும் விடமாட்டார்.

மாமி காரில் வரும்போது உன்னைப் பற்றி ஏதோ சொன்னார். நீ அவரோடு பேசியதாகவும் உன் பேச்சைக் கேட்டுத் தனக்குக் கவலையாக இருந்ததாகவும் சொன்னார். மாமிக்குச் சொன்னதை எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை. அது இருக்கட்டும்.

வுண்டர்லிஹின் கதையை முதலில் எனக்குச் சொன்னவன் நீதான். அப்போது நான் வேலைக் களைப்பில் பாதிதான் கேட்டிருப்பேன். இப்போது ஆர அமர வாசித்திருக்கிறேன். உனக்குத் தெரிந்ததையே எழுதுவதாகத் தோன்றினாலும் பொறுமையாக வாசி.

1930 செப்டெம்பர் 26 அன்று அவர் பிறந்தார். தாயார் வயலின் வாசிப்பவர், தகப்பனார் வாத்தியக் குழு நடத்தியவர். பிறகு நாட்சிகளின் நெருக்குதலில் தகப்பனாருக்கு வேலை போயிற்று. முன்பே உடல்நிலையும் சரியில்லை. பிள்ளைக்கு ஐந்து வயதாக இருந்தபோது அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். மனதில் இருந்ததை யாரிடமாவது சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் யாராவது கையைப் பிடித்திருப்பார்கள் என்றுதான் ஒரு தகப்பனாக எனக்குத் தோன்றுகிறது. பெரியப்பாவின் விஷயம் உனக்குத் தெரியும், அதை நான் எழுத வேண்டியதில்லை. உனக்கு எது என்றாலும், எந்த நேரம் என்றாலும், எங்களுக்கு ஒரு சொல் சொல்லிவிடு. அது ஒன்றே போதும்.

அதன்பின் அந்தத் தாய் இசைப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்தார். மகனும் சிறு வயதிலேயே அக்கோர்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் நடனங்களுக்கு வாசிக்கப் போனான். குரலைக் கேட்டவர்கள் இவனைப் படிக்க வைக்க வேண்டும் என்று சொல்ல, மாமி இருக்கும் அதே கைசர்ஸ்லவுட்டர்னுக்குப் போய் முதற் பாடங்களைப் படித்து, 1950இல் ஃபிரைபூர்க் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே குரலோடு கொம்பு வாத்தியமும் படித்தார். அவருடைய மூச்சு நீளத்துக்கு அந்தக் கொம்பு வாத்தியமே காரணம் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். நீயும் அப்படித்தான் சொன்னாய். மார்கரெட்டே ஃபோன் வின்டர்ஃபெல்ட் என்ற ஆசிரியையிடம் அவர் குரல் பயின்றார். படிப்புச் செலவுக்கு இரவில் நடனக் குழுக்களில் வாசிக்கவும் பாடவும் செய்தார்.

இரவில் அவர் அப்படி உழைத்ததற்கு, கொடுக்க ஒருவரும் இல்லாததுதான் காரணம். உனக்கு நான் இருக்கிறேன். வாடகைக்காகவோ காருக்காகவோ மேலதிகமாக ஏதாவது இரவு வேலை எடுத்திருந்தால் இன்றைக்கே விட்டுவிடு. எவ்வளவு வேண்டும் என்று மட்டும் எழுது, ஏன் என்று கேட்கமாட்டேன். நித்திரை இல்லாத தொண்டை பாடாது. இதை நான் முன்பும் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன்.

1954இல் ஃபிரைபூர்க்கில் மாணவர்கள் மேடையேற்றிய மோட்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழ'லில் அவர் இளவரசன் தமீனோவாகப் பாடினார். அடுத்த ஆண்டு நம்முடைய ஸ்டுட்கார்ட் ஓபரா அவரை எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டதும் பெரிய பாத்திரம் கொடுக்கவில்லை. வாக்னரின் 'மைஸ்டர்சிங்கர்' ஓபராவில் வரும் கைவினைஞர்களில் ஒருவரான ஐஸ்லிங்கர் என்ற சிறு வேடம்தான். நீ என்னை முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு போய் மேல்மாடத்தில் இருத்திய அதே மேடையில், பத்துப் பன்னிரண்டு பேரோடு ஒருவராக அவர் நின்றிருக்கிறார். உனக்கு இந்தப் பருவத்தில் கிடைத்த வேடம் சிறிது என்று தங்கச்சியிடம் குறைப்பட்டாயாம். சிறு வேடமாக இருந்தால் என்ன, மேடை மேடைதானே!

1956இல் ஒரு நாள், தமீனோ பாட வேண்டிய ஜோசப் டிராக்ஸலால் பாட முடியாமல் போய், அவருக்குப் பதிலாக வுண்டர்லிஹை நிறுத்தினார்கள். அந்த ஓர் இரவில் ஊர் அவரைத் தெரிந்துகொண்டது. உங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் இந்தக் கதையைச் சொல்கிறீர்கள், நீயும் கண் விரியச் சொன்னாய். ஆனால் நான் இப்போது அதில் மற்றவரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். டிராக்ஸல் வாக்னர் விழா நடக்கும் பைரொய்ட் மேடையிலும் பாடிய பெரிய பாடகர். முடியாத நாளில் பாடவில்லை. அதனால் அவருடைய பெயருக்கு ஒரு குறையும் வரவில்லை. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பாடினார். ஒருவருக்குப் பதிலாக ஓடிப்போய்ப் பாடுவது பெருமைதான், ஆனால் அப்படிப் போகிறவனுடைய குரல் அன்றைக்கு முழுசாக இருக்க வேண்டும். முழுசாக இல்லாத அன்று, இன்றைக்கு என்னால் முடியாது என்று சொல்வதும் அதே தொழிலின் ஒழுங்குதான். நாடக நிர்வாகம் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். காது மூக்குத் தொண்டை மருத்துவரின் கடிதம் ஒன்று போதும்.

பாரமான பாத்திரம் ஒன்றை உன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அது உண்மையாக இருந்தால் இதையும் யோசித்துப் பார். வுண்டர்லிஹ் வாக்னர் பாடாமல் இல்லை. 1960இல் கான்விட்ஷ்னி என்பவர் இசைக்குழுவை நடத்திய இசைத்தட்டுகளில் 'பறக்கும் டச்சுக்கார'னின் சுக்கான்காரனாகவும் 'டான்ஹாய்ச'ரின் வால்ட்டராகவும் பாடினார். இரண்டுமே அவருடைய குரலுக்குப் பொருந்திய சிறு பங்குகள். வாக்னரின் நாயகன் வேடத்துக்கு அவர் அவசரப்படவில்லை. மோட்சார்ட்டின் தமீனோ, பெல்மொந்தே, டொன் ஒத்தாவியோ என்ற வேடங்கள் அவருக்குப் போதுமாக இருந்தன. உன் வயதும் அவர் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்த வயதுதான். பாரம் எடுக்க வேண்டாம், கஜன்.

கார்ல் போம் நடத்திய 1964ஆம் ஆண்டு 'மாயப் புல்லாங்குழ'லை நான் இப்போது வேலைக்குப் போகும் ரயிலில் கேட்கிறேன். இளவரசியின் படத்தைக் கையில் வாங்கிக்கொண்டு தமீனோ பாடும் பாட்டு எனக்கு மனப்பாடமாகிவிட்டது. நம்முடைய சுரத்தில் சொன்னால், மந்தரப் பஞ்சமத்தில் ஒரு சின்ன அசை, அங்கிருந்து ஒரே தாவலில் அந்தர காந்தாரம், பிறகு படிப்படியாக இறக்கம். அந்தத் தாவலில்தான் எல்லாம் இருக்கிறது. பலர் அந்த இடத்தில் காந்தாரத்தை எட்டிப் பிடிப்பது காதில் தெரியும். வுண்டர்லிஹ் பாடும்போது எட்டுவது தெரிவதில்லை, படத்தைப் பார்த்த வியப்பு மட்டுந்தான் தெரிகிறது. சத்தத்தைக் கூட்டாமலே குரல் விரிகிறது. சங்கீத வகுப்பில் உன்னைச் சரளி வரிசை பாட வைத்த காலத்திலிருந்தே நீயும் இப்படித்தான் மேலே போவாய். சுரம் உன்னிடம் தானாக வரும். அதைப் பிடித்து இழுக்க வேண்டிய நிலை வந்திருந்தால் ஓய்வு எடுக்க வேண்டும் என்றே பொருள். வேறு ஒன்றும் ஆகியிருக்காது. ஓய்வுதான் வேண்டும்.

அவருக்கோ ஓய்வே இருக்கவில்லை. ஸ்டுட்கார்ட்டிலிருந்து பிராங்க்ஃபர்ட், 1959இல் ரிச்சர்ட் ஸ்ட்ராவுஸின் ஓபராவோடு சால்ஸ்பூர்க் விழா, 1960இலிருந்து மியூனிக், பிறகு வியன்னா. நடுவில் வானொலி, ஒப்பரெட்டா, மெல்லிசைத் தட்டுகள், பாஹின் தேவாலய இசை என்று கேட்டதெல்லாம் பாடினார். ஸ்டுட்கார்ட் இசைக்குழுவில் யாழ் வாசித்த ஏவாவை 1956இல் மணந்தார், மூன்று பிள்ளைகள். வீட்டில் எத்தனை நாள் இருந்திருப்பாரோ! அவருடைய பட்டியலை வாசிக்க வாசிக்க எனக்குப் பெருமையைவிடக் களைப்புத்தான் வந்தது.

ஒன்றை மட்டும் நான் மிகவும் மதிக்கிறேன். ஓபராவில் பெரிய பெயர் எடுத்த பிறகு, தனிப்பாடல் கச்சேரியில் தாம் இன்னும் படிக்க வேண்டும் என்று கண்டு, ஸ்டுட்கார்ட்டைச் சேர்ந்த ஹூபர்ட் கீசன் என்ற பியானோக் கலைஞரிடம் போய் இருந்து பயின்றார். கீசன் அவரைவிட மிகவும் மூத்தவர். வரி வரியாகத் திருத்தினார், இவரும் திருத்திக்கொண்டார். ஷூமனின் 'கவிஞனின் காதல்' பாடல்களை இருவரும் சேர்ந்து பதிவு செய்த தட்டைக் கேட்டால் அந்த உழைப்பு விளங்கும். மீண்டும் ஆசிரியரிடம் போவதில் வெட்கமில்லை. உன் பேராசிரியை உன்மேல் உயிரையே வைத்திருந்தார். நீ போய் நின்றால் கதவைச் சாத்தமாட்டார். ஏன் வந்தாய் என்றுகூடக் கேட்கமாட்டார்.

1966 செப்டெம்பர் 4 அன்று எடின்பரோவில் கீசனோடு அவர் பாடிய கச்சேரிதான் கடைசி. சில நாட்கள் விடுமுறை எடுத்து, மவுல்புரொன்னுக்குப் பக்கத்தில் ஒரு நண்பரின் வேட்டை வீட்டில் தங்கியிருந்தபோது மாடிப்படியில் விழுந்தார். ஹைடெல்பெர்க் மருத்துவமனையில் 17ஆம் திகதி இறந்தார். முப்பத்தாறு வயது நிறைய ஒன்பது நாள் இருந்தது. அக்டோபர் 8 அன்று நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் ஓபராவில் டொன் ஒத்தாவியோவாக முதன்முதலாக நிற்க வேண்டியவர். கராயன் நடத்திய ஹைடனின் 'படைப்பு' பதிவில் அவருடைய பெரிய பாட்டுகள் முடிந்திருந்தன, இடையிடையே வசனம் போல வரும் பகுதிகள் முடியவில்லை. அவற்றை வெர்னர் கிரென் என்ற இன்னொருவர் பாடி முடித்தார். அந்தத் தட்டை நீதான் எனக்குக் கேட்கத் தந்தாய். குரல் மாறும் இடத்தை நான் கண்டுபிடிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டு நின்றாய். கண்டுபிடித்தேன்.

இதை எழுதும்போது அம்மா பக்கத்தில் வந்து, பிள்ளைக்குச் சாவுக் கதை எழுதாதே என்று கோபித்தார். நான் சாவை எழுதவில்லை. அவருடைய தாயார் அப்போது உயிரோடு இருந்தாரா என்று குசலில் யாரிடமாவது கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. உன் வீட்டுப் படிகள் செங்குத்தானவை. இரவில் விளக்குப் போடாமல் இறங்காதே. கைப்பிடியைப் பிடித்து இறங்கு.

குரல் இல்லாமல் போனாலும் நீ எங்களுக்கு மகன்தான். பாடினால்தான் எங்களுக்குப் பெருமை என்று நீ நினைத்துக்கொண்டு எங்களுக்குச் சொல்லாமல் இருக்கிறாயோ என்று இரவில் நினைத்துக்கொண்டு கிடக்கிறேன். அப்படி நினைக்காதே. ஹாம் நகரத்துக் கோயில் அம்பாளுக்கு அம்மா நேர்ந்திருப்பது என்ன என்று என்னிடமே சொல்லவில்லை, ஆனால் உன் பாட்டுக்காக அல்ல, உனக்காக என்பது எனக்குத் தெரியும்.

இங்கே ஒரு நல்ல குரல் மருத்துவர் இருக்கிறார், பாடகர்களைத்தான் பார்ப்பாராம். வருகிற மாதம் புதன்கிழமைகளில் இடம் இருப்பதாகத் தங்கச்சி விசாரித்து வைத்திருக்கிறாள். உன் பெயரைக் கொடுக்கவில்லை; நீ சரி என்றால் கொடுப்பாள். ரயில் சீட்டை நான் எடுக்கிறேன். பேசக் கஷ்டமாக இருந்தால் பேச வேண்டாம், தங்கச்சிக்கு "சரி" என்று ஒரு சொல் எழுதி அனுப்பு. இத்தோடு வரும் அட்டைப் பெட்டியில் வல்லாரைப் பொடியும் கற்கண்டும் திப்பிலியும் அம்மா வைத்திருக்கிறார். திப்பிலியைத் தேனில் குழைத்து இரவில் எடு. குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே.

அன்புடன்,
அப்பா