ராஜாவுக்கு, அந்தப் பட்டியல் விஷயமாக

மன்ரோவில்
16-1-2024

அன்புள்ள ராஜாவுக்கு,

அப்பா எழுதுவது. தமிழில் எழுதினால் நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். இருக்கட்டும், மெதுவாகவே படி. வாட்ஸப்பில் போட்டால் இரண்டு நீலக் கோடு வருகிறது, அதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை. காகிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது.

நேற்று பொங்கல். வெளியே கால் வைக்க முடியாத குளிர். அம்மா கேஸ் அடுப்பிலேயே பால் பொங்க வைத்தாள். அக்கா வீடியோவில் வந்து "பொங்கலோ பொங்கல்" சொன்னாள். முழங்கால் வலியோடு அம்மா சர்க்கரைப் பொங்கல், வெண் பொங்கல் இரண்டும் செய்தாள். இரண்டு பேருக்கு எதற்கு இரண்டு என்று கேட்டேன், பதில் சொல்லவில்லை. மிச்சம் ஃப்ரீசரில் இருக்கிறது. நாலரை மணிக்கு பஃபலோவில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டியதைப் பனி கொட்டியதால் திங்களுக்குத் தள்ளியிருந்தார்கள். ஜனங்கள் பனிக்குள் உட்கார்ந்து கத்தினார்கள். நம் பிட்ஸ்பர்க் டீம் ஸ்டீலர்ஸ் 31-17 தோற்றது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. உன் காருக்குப் பனி டயர் மாற்றினாயா? போன வருஷம் ஜனவரி கடைசி வரைக்கும் மாற்றாமல் ஓட்டினாய்.

அதற்கு முந்தின ராத்திரி டெட்ராய்ட் லயன்ஸ் ஜெயித்ததை நீ பார்த்திருப்பாய். 24-23. 1992 ஜனவரியில் டல்லஸை 38-6 என்று அடித்தபோது உனக்கு இரண்டு வயசு. அதற்கப்புறம் 32 வருஷமாக லயன்ஸுக்கு பிளேஆஃபில், அதாவது சீசன் கடைசி நாக்அவுட் ஆட்டங்களில், ஒரு வெற்றி கிடையாது. கடைசி சில நிமிஷம் நான் நின்றுகொண்டே பார்த்தேன். முடிந்ததும் போனை எடுத்து, "பேரி சாண்டர்ஸுக்கு இப்போது எப்படி இருக்கும்" என்று உனக்கு அடித்தேன். அப்புறம் அழித்துவிட்டேன். லயன்ஸுக்காகப் பந்தோடு ஓடின உன் பேரியின் பேரை நான் எடுக்கலாமா என்று ஒரு யோசனை.

தேங்க்ஸ்கிவிங் அன்றைக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். லயன்ஸ் பேக்கர்ஸிடம் தோற்றுக்கொண்டிருந்தது. பேரிக்கு செப்டம்பரில் வைத்த சிலையைப் பற்றி நீ அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் என் பச்சை நோட்டைக் கொண்டுவந்தேன். ரிடயர் ஆன பிறகு எனக்கு இருக்கிற ஒரே வேலை அந்த நோட்டுதான் என்று அம்மா சொல்லுவது உண்மை. சூப்பர் பவுல் என்கிற இறுதி ஆட்டத்தை ஜெயித்ததற்கு இத்தனை மார்க், ஆடிய வருஷத்துக்கு இத்தனை, சாதனை எண்களுக்கு இத்தனை என்று கட்டம் போட்டு, எல்லாக் காலத்து ஆட்டக்காரர்களில் நூறு பேரை வரிசைப்படுத்தியிருந்தேன். ஜிம் பிரவுன் முதல். டாம் பிரேடி இரண்டு. ஜெர்ரி ரைஸ் மூன்று. லாரன்ஸ் டெய்லர், மொண்டானா அப்புறம். பேரி சாண்டர்ஸ் 41.

நீ சண்டை போட்டாய். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வந்ததிலிருந்து சோபாவிலேயே போனைப் பார்த்துக்கொண்டு கிடந்தவன் வாயைத் திறந்தாயே என்று. நீ கேட்டதெல்லாம் நியாயம்தான், இப்போது சொல்கிறேன். ஜிம் பிரவுன் ஆட ஆரம்பித்தபோது சீசனுக்கு 12 ஆட்டம், அப்புறம் 14, 1978-லிருந்து 16, இப்போது 17. பந்தோடு முன்னேறின யார்டை எப்படி ஒன்றாகக் கூட்டுவாய் என்றாய். அதே 1978-ல் விதியை மாற்றி, பந்தைப் பிடிக்க ஓடுகிற ரிசீவரை ஐந்து யார்டுக்கு அப்பால் இடிக்கக் கூடாது என்றார்கள். அதற்கு முன்னால் பந்து எறிந்தவனையும் பின்னால் எறிந்தவனையும் ஒரே தராசில் எப்படி வைப்பாய் என்றாய். பந்து எறிகிறவனை எறியும் முன்னாலேயே வீழ்த்துகிற சாக் கணக்கை 1982-லிருந்துதான் அதிகாரபூர்வமாக எழுதுகிறார்கள், அதற்கு முன்னால் ஆடிய டீக்கன் ஜோன்ஸ் என்ன பாவம் செய்தார் என்றாய். 2000-ல் டீம்கள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது பிரேடியை 199-வதாகத்தானே எடுத்தார்கள், அவருக்கு முன்னால் 198 பேரை நிறுத்தினவர்களும் உன்னைப் போல நோட்டு வைத்திருந்தவர்கள்தான் என்றாய். அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். ஜெர்ரி ரைஸ் விஷயத்தில் மட்டும் நாம் இரண்டு பேரும் ஒன்று: பந்தைப் பிடித்து எடுத்தது 22,895 யார்டு. இரண்டாவதாக இருக்கிற ஃபிட்ஸ்ஜெரால்டு ஐயாயிரத்துக்கு மேல் பின்னால் நிற்கிறார். அதில் தகராறு செய்ய என்ன இருக்கிறது. அக்கா போனில் இருந்துகொண்டு, பெண்கள் விஷயத்தில் ஜிம் பிரவுன் மேல் வந்த வழக்குகளுக்கு எந்தக் கட்டத்தில் மார்க் குறைத்தீர்கள் அப்பா என்று கேட்டாள். அதற்கு என்னிடம் கட்டம் இல்லை.

அப்புறம் நீ குரலைத் தாழ்த்திக் கேட்டாய். ஜிம் பிரவுனும் 30 வயசில் விட்டுவிட்டுப் போனவர்தானே, அவர் முதல், பேரி 41-ஆ என்று.

நான் சொன்ன பதில் உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. "அவர் 1964-ல் கோப்பையை ஜெயித்துவிட்டுப் போனார். இவன் ஒன்றும் ஜெயிக்காமல் நடுவில் விட்டுவிட்டு ஓடினவன். ஓடினவனுக்கு 41-ஏ அதிகம்." நீ தட்டை எடுத்து சிங்க்கில் வைத்தாய். பூசணிப் பை கூடச் சாப்பிடவில்லை. ராத்திரியே கிளம்பிவிட்டாய், டியூட்டி இருக்கிறது என்று சொல்லி.

டிசம்பர் 12 அன்று உன் மொபைல் எடுக்கவில்லை என்று ஆஸ்பத்திரி நம்பருக்கு அடித்தேன். பேசின பெண் மரியாதையாகத்தான் பேசினாள். அதைப் பற்றி இப்போது வேண்டாம். அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. தனியாக இருக்கிறவன் ஒரு வேளையை விட்டால் மூன்று வேளையும் விட்டுப் போகும்.

பேரியைப் பற்றி இந்த ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தேன். வேறு வேலை இல்லை. 1999 ஜூலையில் அவர் செய்தியாளர்களைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. சொந்த ஊர் விச்சிட்டாவின் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பினார், அவ்வளவுதான். இருபதாம் நம்பர் சட்டையில் பத்து வருஷத்தில் 15,269 யார்டு. வால்டர் பேய்டனின் சாதனைக்கு 1,457 யார்டுதான் பாக்கி, ஒரு சீசனில் எடுத்திருப்பார். உனக்கு அப்போது ஒன்பது வயசு. கராஜில் உட்கார்ந்து அழுதாய். நான் என்ன சொன்னேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது: "முடிக்காமல் போகிறவனுக்காக ஏன் அழுகிறாய்." அன்றைக்கும் அதே வாய்தான்.

எனக்கு முன்னால் தெரியாத ஒன்று. 1989-ல், அவருடைய முதல் சீசன், கடைசி ஆட்டம். லீகிலேயே அதிக யார்டு ஓடியவன் என்ற பட்டத்துக்குப் பத்து யார்டுதான் குறை. கன்சாஸ் சிட்டியின் ஒகோயே 1,480, இவர் 1,470. உள்ளே போகிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். ஆட்டம்தான் கையில் இருக்கிறதே, வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு இது புரியவே இல்லை, ராஜா. இரண்டு நாள் யோசித்தேன். முதல் ரேங்க் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். நான் வளர்ந்த வீட்டில், முதல் ரேங்க் வாங்கினவன் சோறு தின்கிறான், நீ என்ன தின்கிறாய் என்பதுதான் பேச்சு. உன்னிடமும் அதைச் சொல்லியிருக்கிறேன். இங்கிலீஷில் சொன்னதால் கொஞ்சம் நாகரிகமாகத் தெரிந்திருக்கும்.

பேரியின் அப்பா வில்லியம் கூரை வேலை செய்தவர். ஜிம் பிரவுன்தான் எல்லோருக்கும் மேல், என் மகன் அவருக்குக் கீழேதான் என்று ஊரறியச் சொன்னவர். 2004-ல் கேன்டனில், பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேமில் மகனைச் சேர்த்தபோது மேடையில் அறிமுகப்படுத்தியதும் அதே அப்பாதான். அந்த ஆளுக்கும் என்னைப் போல ஒரு நோட்டு இருந்திருக்கும். ஆனால் மகன் 41 இல்லை.

நாம் கேன்டன் போனது அதற்கு அடுத்த மாதம். இரண்டு மணி நேரம், வழியெல்லாம் அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரை. அந்த வெண்கலத் தலைகள் இருக்கிற இருட்டு ஹாலில் நீ பேரியின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாய். நான் அங்கிருந்த ஆளிடம் போய், இதில் யார் ஒன்று, யார் இரண்டு, ஏன் நம்பர் போடவில்லை என்று கேட்டேன். சேர்ந்த வருஷப்படிதான் வைத்திருக்கிறோம், சார் என்றான். நீ வெட்கப்பட்டு நகர்ந்து போனாய்.

இன்னொன்றும் இருக்கிறது. விட்டுப் போகாதவனுக்கு உதாரணமாக நான் உனக்குச் சின்ன வயசிலிருந்து காட்டியது ஸ்டீலர்ஸின் மைக் வெப்ஸ்டரை. 17 சீசன், நாலு சூப்பர் பவுல், கொட்டுகிற பனியில் அரைக்கை சட்டை. அவர் ஆடிய சென்டர் இடத்தில், முன்வரிசையில் நின்று இடிக்கிறவனுக்கு யார்டும் கிடையாது, டச்டவுனும் கிடையாது. அதனால் என் நோட்டில் அவருக்கு வெறும் வருஷக் கணக்கை வைத்து மார்க் போட்டேன். வயலின் கிளாஸை விடுகிறேன் என்று நீ அழுதபோது, வெப்ஸ்டர் விட்டானா என்றேன். நீச்சலை விடுகிறேன் என்றபோதும் அதே. அவர் கடைசியில் பிக்கப் வண்டிக்குள் தூங்கி, 2002-ல் 50 வயசில் செத்துப்போனார். இதே பிட்ஸ்பர்க்கில்தான் டாக்டர் ஒமாலு அவர் மூளையை மெல்லிசாக வெட்டிப் பார்த்து, இடி வாங்கி வாங்கி வந்த வியாதி என்று கண்டுபிடித்தார். மெடிக்கல் காலேஜில் இரண்டாம் வருஷம் நீதான் எனக்கு அதை விளக்கினாய், சாப்பாட்டு மேஜையில், பேப்பர் நாப்கினில் படம் போட்டு. என்ன அழகாக விளக்கினாய். என் பிள்ளை என்று எனக்கு மார்பு விம்மியது. நீ ஏன் குறிப்பாக வெப்ஸ்டரை எடுத்துச் சொன்னாய் என்று நான் யோசிக்கவில்லை.

சரி. இதை எழுதவே மூன்று காகிதம் கிழித்துவிட்டேன், எழுதிவிடுகிறேன்.

நான் டாக்டர் இல்லை, ராஜா. உனக்குத் தெரியும், நான் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்வதில்லை. அடக்கம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். 1988-ல் பிஎச்டி நாலாவது வருஷத்தில் நான் விட்டுவிட்டேன். யாரும் துரத்தவில்லை. காலையில் எழுந்து அந்த லேபுக்குப் போக முடியவில்லை, காரை நிறுத்திவிட்டு அதிலேயே உட்கார்ந்திருப்பேன், அப்புறம் திரும்பி வந்துவிடுவேன். இரண்டு மாதம் இப்படி. அப்புறம் இந்த வேலை கிடைத்தது. கும்பகோணத்துக்கு ஏரோகிராமில், "வேலை கிடைத்துவிட்டது, படிப்பு முடிந்தது" என்று எழுதினேன். முடிந்தது என்பது ஒரு விதத்தில் பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் தாத்தா அதன் பிறகு அனுப்பின ஒவ்வொரு கடிதத்திலும் என் பேருக்கு முன்னால் டாக்டர் என்று எழுதினார். தெருவில் எல்லோரிடமும் சொன்னார். நான் திருத்தவில்லை.

அவர் போனபோது கருமாதிப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் புரூஃப் பார்த்தது நான்தான். அத்தை பேரில் ஒரு கால் விட்டுப்போயிருந்தது, அதைத் திருத்தினேன். இரண்டு வரி மேலே என் பேர் டாக்டரோடு இருந்தது. பேனா அதைத் தாண்டிப் போய்விட்டது.

அம்மாவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது. இப்போது உனக்குத் தெரியும்.

நோட்டில் 41-ஐ அடித்துவிட்டேன். புதிதாக எந்த நம்பரும் போடவில்லை, ஏனென்றால் உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. மார்க்கை எப்படி மாற்றிப் போட்டாலும் வேறு யாராவது அநியாயமாகக் கீழே போகிறார்கள். உனக்கு நேரம் இருந்தால், நேரம் இருக்கிறது என்றால், இரண்டு பேரும் உட்கார்ந்து பார்க்கலாம். வெப்ஸ்டருக்கு எந்தக் கட்டம் போடுவது என்று நீதான் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு டெட்ராய்ட்டில் லயன்ஸ், டாம்பா பே ஆட்டம். ஆட்டத்துக்கு வருகிறேன் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னால் போதும், நான் வேறு எதையும் கேட்க மாட்டேன். அவளும் கேட்காமல் பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமையே கிளம்பு, ராத்திரியில் ஓட்டாதே. பனி டயர் இல்லையென்றால் பஸ்ஸில் வா, நான் டவுன்டவுனில் வந்து நிற்கிறேன். கையில் பணம் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை, கவரில் ஒரு செக் இருக்கிறது, அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

முன் வாசல் படியில் ஐஸ் கட்டியிருக்கிறது, உப்புப் போட்டும் போகவில்லை. கராஜ் வழியாக வா. கதவு நம்பர் மாறவில்லை, நீ ஏழு வயசில் வைத்த அதே இருபது, இருபதுதான்.

அப்பா